பேர்பெச்சுவா அக்காவின் பேஸ்போல்

பீலெஃபெல்ட்
10.04.2005

அன்புள்ள தம்பி இன்னாசிக்கு,

அக்கா பேர்பெச்சுவா எழுதுவது. மாதாவின் இரக்கத்தால் நானும் மகள் ஜசிந்தாவும் நல்ல சுகம். நீயும் ரஞ்சினியும் அங்கே கனடாவில் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். தொலைபேசியில் சுகம் விசாரித்து முடியவே அட்டையில் காசும் முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் காலத்திலும் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நாவலைப் பற்றியெல்லாம் அவசரத்தில் கதைக்க முடியாது.

நீ அனுப்பிய மூன்று நாவல்களும் வந்தன. ஒன்றை முடித்துவிட்டேன். அந்தப் பெண் கடைசியில் வழக்கறிஞனைக் கட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு மீசையைத் தவிர வேறு குணம் எதையும் எழுதினவர் கொடுக்கவில்லை. இரண்டாவது புத்தகம் மெல்லத்தான் நகர்கிறது. இப்போது அச்சடிக்கிறவர்கள் மையிலும் மிச்சம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எழுத்தெல்லாம் மங்கல்.

இன்றைக்கு எங்கள் ஊர் பேஸ்போல் குழுவின் முதல் ஆட்டம். பார்க்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் தமிழ்ச்சி நான் ஒருத்திதான். குளிர் எலும்புக்குள் போனது. தேநீர்ப் போத்தலும் கம்பளியுமாக இருந்து கடைசிவரை பார்த்தேன். தோற்றுப் போனோம். ஜசிந்தாவின் அப்பா இருந்தபோது, "உனக்குப் பைத்தியம்" என்று சொல்லிக்கொண்டே கூட வருவார். அவர் காலமானபிறகு தனியாகப் போகிறேன். அதே பைத்தியம்தான்.

உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர்கள் விளையாடும் மைதானம் உன் வீட்டிலிருந்து ரயில் தூரத்தில் இருக்கிறது. நீயோ ஒருநாள் எட்டிப் பார்த்ததில்லை. நாய் பெற்ற தெங்கம்பழம் என்பது உன்னைத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். ரஞ்சினிக்கு என் அன்பு.

அக்கா
பேர்பெச்சுவா


ஸ்காபரோ
08.05.2005

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இன்னாசி எழுதிக்கொள்வது. கர்த்தர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால் மட்டும் இரவு வேலை முடிந்து வரும்போது என்னைத் திட்டுகிறது. உங்கள் சீனி வருத்தம் எப்படி? மருந்தை நேரத்துக்கு எடுக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை ரஞ்சினி என்னிடமிருந்து பறித்து வாசித்துவிட்டு, தெங்கம்பழத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அக்கா, நானும் தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஒருவன் நடுவில் நின்று துப்புகிறான். இன்னொருவன் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு துப்புகிறான். இடையில் யாரோ ஓடுகிறான், ஏன் ஓடினான் என்று தெரிவதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது. கிரிக்கெட் தெரிந்த குடும்பத்தில் பிறந்த நீங்கள் இதில் என்னத்தைக் கண்டீர்கள்?

இன்னும் நான்கு நாவல் கட்டி வைத்திருக்கிறேன். வாசித்துவிட்டுத் திட்டி எழுதுங்கள். உங்கள் திட்டை வாசிக்கத்தான் நான் புத்தகமே வாங்குகிறேன்.

என்றும் அன்புடன்
தம்பி இன்னாசி


பீலெஃபெல்ட்
19.06.2005

அன்புள்ள தம்பிக்கு,

நான் நல்ல சுகம். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசு.

நான் என்னத்தைக் கண்டேன் என்று கேட்டாய். சொல்கிறேன், கேள். கிரிக்கெட்டில் அடித்தவன் ஓடலாமா விடலாமா என்று நின்று யோசிக்கலாம். பேஸ்போலில் பந்தைக் கோட்டுக்குள் அடித்தால் மட்டையைப் போட்டுவிட்டு ஓடியே ஆகவேண்டும். நாட்டைவிட்டு வந்த எங்களுக்கு அது உடனே விளங்கும். சுற்றிவர மூன்று தளம், எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஓர் ஓட்டம். திரும்பி வராதவனுக்கு ஒன்றும் இல்லை. இந்த ஊரில் முதன்முதலாக அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு ஜெர்மனில் ரொட்டி கேட்கக்கூடத் தெரியாது. ஆட்டம் மட்டும் விளங்கிற்று. அந்தச் சந்தோஷம் இன்னும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை எட்டேகால் மணிக்கு ஒரு புது நகைச்சுவை நாடகம் போடுகிறார்கள். ஒரு மாடிக்கட்டடத்தின் காவலாளி, குடியிருக்கிற எல்லாரோடும் சண்டை. அவர் பேச்சை நான் அப்படியே பாடமாக்கி வைத்திருக்கிறேன். சலவையறையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன கிழமை கண்ணுக்குக் காட்டப் போனேன். ஜசிந்தா டோர்ட்மண்டில் அவுஸ்பில்டுங் செய்கிறாள், வேலை பழகுகிற பிள்ளையை லீவு எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. தனியாகவே போனேன். டொக்டர் நல்ல மனிதர். என் ஜெர்மன் அருமை என்று கைகொடுத்தார். எல்லாம் அந்த நாடகங்களின் புண்ணியம்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஸ்காபரோ
14.08.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமென்று எழுதியது கண்டு மகிழ்ச்சி.

உங்கள் வாய்க்குப் பயந்து போன சனிக்கிழமை ரஞ்சினியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெரிய மைதானத்துக்குப் போனேன். மதியத்துக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனோம். பின்னாலிருந்த வெள்ளைக்காரன் மணம் பிடித்துவிட்டு, என்னவென்று கேட்டு ஒரு பிடி வாங்கித் தின்றான். பிறகு அவன் கண்ணில் வந்த தண்ணீர் ஆட்டம் முடியும்வரை நிற்கவில்லை. ரஞ்சினி யார் அடித்தாலும் கைதட்டினாள். எங்கள் பக்கத்தை மட்டும் தட்டு என்று சொன்னேன். "அடிச்சவனுக்குத் தட்டாமல் பேசாமல் இருந்தவனுக்கே தட்டுறது?" என்று கேட்டாள். நீங்கள் சொன்னபடி ஓடுகிறவன் திரும்பி வருகிறானா என்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், ஒருவன் வந்தபோது நானும் எழும்பிக் கத்தினேன். ரஞ்சினி இதை உங்களுக்கு எழுதவேண்டாம் என்றாள், மானம் போய்விடுமாம்.

ஒன்று கேட்கவேண்டும். கண் டொக்டர் உங்கள் ஜெர்மனைப் பற்றிச் சொன்னதை எழுதினீர்கள். கண்ணைப் பற்றி என்ன சொன்னார்?

தம்பி


பீலெஃபெல்ட்
06.11.2005

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். மறுமொழி எழுதச் சுணங்கிவிட்டது, குறை நினைக்காதே. வேலை கூடிவிட்டது.

எங்கள் குழு கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிவிட்டது.

நாவல் இனி அனுப்பவேண்டாம். இங்கே கிடக்கிறதே போதும்.

ரஞ்சினியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஸ்காபரோ
27.11.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை இந்த முறை நான் நம்பவில்லை.

போன கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. வரிகள் படியில் இறங்குகிற மாதிரிச் சரிந்து போகின்றன. சில இடத்தில் ஒரு வரிக்கு மேலேயே அடுத்த வரி ஏறியிருக்கிறது. அதையும் விடுகிறேன். நாவல் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் வேதபாடப் புத்தகத்துக்குள் கதைப்புத்தகம் வைத்து வாசித்து, மதரிடம் அடி வாங்கி, அடுத்த நாளும் வாசித்த ஆள் நீங்கள். பூனை பாலை வேண்டாம் என்றால் பாலில் குறையில்லை, பூனைக்குத்தான் ஏதோ வருத்தம்.

உங்களைக் கேட்டால் "நல்ல சுகம்" என்பீர்கள். ஜசிந்தாவுக்கு எழுதிக் கேட்கிறேன். கோபிக்கவேண்டாம்.

தம்பி


டோர்ட்மண்ட்
11.12.2005

அன்புள்ள மாமாக்கு,

ஜசிந்தா எழுதுறன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிச்ச தமிழ்தான், பிழை இருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் சுகம். மாமியும் நீங்களும் சுகமோ?

அம்மா சொல்ல வேண்டாம் எண்டவ. ஆனால் நீங்கள் கேட்டிட்டியள், நான் பொய் எழுத மாட்டன். அம்மாவுக்கு வலது கண் தெரியாது. சீனி வருத்தத்தால கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சு, செப்டெம்பரில ஒரு நாள் காலமை எழும்பேக்க அந்தக் கண் இருட்டாம். எனக்குச் சொன்னது ஒக்டோபரில. நான் கூட்டிக்கொண்டு ஓடினன். அந்த டொக்டர் என்னைப் பாத்துக் கேட்டார், ஜூனிலயே நான் சொன்னனே, உடன லேசர் பிடிக்க வேணும், ஒரு கிழமையும் பிந்தக் கூடாது எண்டு, ஏன் வரேல்லை எண்டு.

மாமா, அம்மா அண்டைக்குத் தனியப் போனவ. டொக்டர் சொன்னது ஒண்டும் அவவுக்கு விளங்கேல்லை. ஆனால் எல்லாத்துக்கும் யா, யா, நட்யூர்லிஷ், ஓம், ஓம், அதுக்கென்ன எண்டு தலையாட்டினவ. அம்மா ரீவி பாத்துப் பழகின ஜெர்மன் கேக்க அவ்வளவு வடிவு. எனக்கே சிரிப்பு வரும். டொக்டரும் எல்லாம் விளங்கிற்றுது எண்டு நினைச்சிட்டார். லேசருக்கு நாள் குறிக்கிற டெர்மின் எடுக்காமலே வீட்டை வந்திட்டா.

இப்ப இடது கண்ணும் தொடங்கீற்றுது. ஒப்பரேசன் செய்ய வேணும். அம்மா ஏலாது எண்டுறா. இருக்கிற ஒரு கண்ணையும் ஏன் குடுப்பான் எண்டு கேக்கிறா. செய்யாட்டி அதுவும் போகும் எண்டு டொக்டர் சொல்லுறார். நான் சொன்னால் கேக்கிறா இல்லை. நீங்கள் சொல்லுங்கோ.

அன்புடன்
ஜசிந்தா


ஸ்காபரோ
02.01.2006

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்து. நாங்கள் சுகம். உங்களுக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தோம். பெரிய எழுத்தில் எழுதுகிறேன், வாசிக்க முடியாவிட்டால் ஜசிந்தாவை வாசிக்கச் சொல்லுங்கள். அவளை ஏசவேண்டாம். அவள் எழுதாவிட்டால் நான் விமானம் ஏறி வந்து கேட்டிருப்பேன்.

கடிதம் வந்த அன்று எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ரஞ்சினியோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. அவள் என்ன செய்தாள், பாவம். பிறகு யோசித்துப் பார்த்தேன். இங்கே என் முழங்காலுக்கு டொக்டர் ஏதோ சொன்னபோது நானும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். டொக்டர், பாதிரியார், வாத்தியார் முன்னால் "விளங்கவில்லை" என்று சொல்ல எங்களுக்கு யாரும் பழக்கவில்லை. அவர்கள் வாய் திறந்தால் எங்கள் தலை தானாக ஆடும்.

ஒப்பரேசன் செய்யுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. கண் உங்களுடையது. ஒன்றுதான் கேட்கிறேன். இன்னொரு தரம் டொக்டரிடம் போங்கள். ஜசிந்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலையாட்டாமல் இருங்கள். விளங்குமட்டும் கேளுங்கள். பிறகு முடிவெடுங்கள். எந்த முடிவு எடுத்தாலும் நான் வருவேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி


பீலெஃபெல்ட்
12.02.2006

அன்புள்ள தம்பிக்கு,

சுகமென்று எழுதி இனிப் பயனில்லை. கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சுகம். இது தடித்த பேனையால் எழுதுகிறேன், தாள் கன்னாபின்னாவென்று போகிறது.

உன் சொல்லைக் கேட்டு மறுபடி போனேன். டொக்டர் கதைக்கத் தொடங்க என் தலையும் ஆடத் தொடங்கிற்று. ஜசிந்தா மேசைக்குக் கீழே என் காலில் உதைத்தாள். பெற்ற தாயை உதைக்கிற பிள்ளை! பிறகு நான் கையை உயர்த்தி, "இஷ் ஃபெர்ஷ்டேஹ நிஷ்ட்" என்றேன். விளங்கவில்லை என்று அர்த்தம். அந்த மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த ஜூன் மாதம் ஒருதரம் இதைச் சொல்லியிருந்தால் இரண்டு கண்ணோடு இருந்திருப்பேன். அவர் என் ஜெர்மனைப் புகழ்ந்த பிறகு, எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது தம்பி. வேறு காரணம் ஒன்றுமில்லை.

அவர் திரும்ப முதலிலிருந்து சொன்னார். ஜசிந்தா எனக்குச் சொன்னாள்: "செய்தாலும் பழைய பார்வை வராதாம் அம்மா. உள்ளது நிண்டால் பெரிய காரியமாம். செய்யாட்டி வருஷம் முடிய முதல் இருட்டாம்."

"நாவல் வாசிக்கலாமோ எண்டு கேள்" என்றேன்.

"சின்ன எழுத்து ஏலாதாம்."

"பந்து தெரியுமோ எண்டு கேள்."

டொக்டர் உதைபந்து என்று நினைத்துத் தெரியும் என்றார். நான் விரல்களை மடக்கி, பந்து இவ்வளவுதான் என்று முஷ்டியைக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இல்லை, அது தெரியாது என்றார். ஆறுதலுக்கென்று ஒரு பொய் சொல்லவில்லை. அதனால்தான் அந்த மனிதரில் எனக்கு நம்பிக்கை வந்தது. வருகிற கிழமை ஒப்பரேசன் வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் நின்று அழுதேன். எத்தனை வருஷம், எத்தனை கதை வாசித்துவிட்டேன், போதும் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். போதவில்லை. எனக்கு இன்னும் வேண்டும். இதைப் பாதிரியாரிடம் பாவம் என்று சொல்லவேண்டுமா தெரியாது.

இப்போது வராதே. என்னைக் கட்டுப்போட்ட கண்ணோடு பார்த்து நீ அழுவாய், உன்னைத் தேற்ற என்னால் ஏலாது. ஆட்டம் தொடங்கின பிறகு வா.

எனக்காக மன்றாடு.

அக்கா


பீலெஃபெல்ட்
07.05.2006

அன்பு ரஞ்சினிக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்ததைத் தொலைபேசியில் சொன்னேன். அக்கா எப்படி என்று கேட்டபோது அவர் பக்கத்தில் இருந்தார், ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

ஒப்பரேசனுக்குப் பிறகு இடது கண்ணில் கொஞ்சம் நின்றிருக்கிறது. ஆள் வருவது தெரிகிறது, முகம் தெரியவில்லை. முதல் நாள் வாசலில் நான் நின்றபோது, "நடையைப் பாத்தால் என்ரை தம்பி மாதிரிக் கிடக்கு" என்றார். நான் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்னேரங்களில் நாவல் வாசித்துக் காட்டுகிறேன். நான் பூசையில் வாசகப் பீடத்தில் நின்று வேத நிருபம் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறேனாம், கள்ளன் பேசுகிற இடத்தைக் கள்ளன் மாதிரி வாசிக்கவேண்டுமாம். செவ்வாய்க்கிழமை நாடகத்தை இப்போது காதால் கேட்கிறார். அந்தக் காவலாளி கதவை அடித்துச் சாத்தினால் எனக்கு முதல் அவர்தான் சிரிக்கிறார்.

இன்று ஆட்டத்துக்குப் போனோம். ஜசிந்தா வரவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கிறதைப் பார்க்கத் தன்னால் ஏலாது என்றாள். அக்கா தேநீர்ப் போத்தலையும் கம்பளியையும் என் கையில் தந்துவிட்டு முன்னால் நடந்தார், வழி அவருக்குப் பாடம். நான் பக்கத்தில் இருந்து பந்து எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இடப்பக்கம் அக்கா, இப்போது மேலே அக்கா, வேலியோரம் அக்கா என்று.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, வாயைப் பொத்து" என்றார். "நீ சொல்லி முடியிறதுக்கிடையில அவன் ரெண்டாம் தளத்துக்குப் போயிடுவான்."

"பந்து தெரியாதெல்லோ அக்கா?"

"பந்து தெரியாது. ஆக்கள் ஓடுறது தெரியுது. அவன் அடிச்ச உடனை இவன் நிண்ட இடத்திலையே நிண்டால் பந்து உயரப் போயிருக்குது, பிடிபடுமோ எண்டு பயப்பிடுறான். குனிஞ்சுகொண்டு ஓடினால் நிலத்தில போகுது. இதை உனக்கு நான் சொல்ல வேணுமோ, பெரிய மைதானத்துக்குப் போய் வந்த ஆளுக்கு?"

நான் வாயைப் பொத்தினேன்.

முடிவுக்குக் கிட்ட எங்கள் பக்கம் ஒரு ஓட்டம் பின்னால் நின்றது. தளத்தில் எங்கள் ஆள் ஒருவன் நின்றான். மட்டை பிடித்த நெடியவன் ஓங்கி ஒன்று அடித்தான். சத்தம் கேட்டது. எல்லாரும் தலையை நிமிர்த்தினார்கள், நானும் நிமிர்த்தினேன். வெள்ளை மேகம், வெள்ளைப் பந்து, ஒன்றும் அகப்படவில்லை. வேலிக்கு மேலே தேடினேன், மரங்களுக்குள் தேடினேன்.

பக்கத்தில் கைதட்டுகிற சத்தம். அக்கா கம்பளி கீழே விழ எழும்பி நின்றுகொண்டிருந்தார். அந்த இடத்தில் வேறு ஒருவரும் இன்னும் தட்டத் தொடங்கவில்லை.

"என்ன அக்கா? எங்க பந்து?"

"வேலிக்கு அங்கால. ஓடினவங்கள் ரெண்டு பேரும் இனி அவசரமில்லை எண்டு நடக்கத் தொடங்கீற்றாங்கள், பார்."

ரஞ்சினி, இரண்டு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு நான் இன்னும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்
இன்னாசி